ஈ, தா, கொடு: மன்னார்க் கரையில் கொடையின் பொருள்

கொடுத்தலைக் குறிக்கத் தமிழில் உள்ள மூன்று பழைய வினைகளுக்கும் தொல்காப்பியம் கேட்பவரின் வாயில் வைத்தே இலக்கணம் சொல்கிறது. ஈ, தா, கொடு என்ற மூன்றும் அந்நூலின் கணக்கில் இரத்தலுக்குரிய சொற்கள். தன்னிலும் உயர்ந்தவரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார். தன்னோடு ஒத்தவரிடம் கேட்பவர் ‘தா’ என்பார். தன்னிலும் தாழ்ந்தவரிடம் கேட்க நேர்ந்தவர் ‘கொடு’ என்பார். கொடுப்பவரின் மனம் எத்தகையது, கொடுத்த பொருள் எவ்வளவு என்பவை இங்கே பேசப்படவில்லை. கேட்டவர் எந்த இடத்தில் நின்று கேட்டார் என்பதுதான் பேசப்படுகிறது. பின்வந்த புலவர்களும் புராணக்காரர்களும் கல்வெட்டு எழுதியவர்களும் பெரும்பாலும் வள்ளலின் பக்கம் நின்றே கொடையைப் பார்த்தார்கள். இலக்கணம் எதிர்ப்பக்கத்தில் நிற்பது மிகப் பெரிய செய்தி. அதற்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

அதே நூல் வேறோர் இடத்தில் ‘தா’வைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘கொடு’வைப் படர்க்கைக்கும் உரியதாக்குகிறது. எனக்குத் தந்தார், உனக்குத் தந்தார், அவருக்குக் கொடுத்தார் என்பது மரபு. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த வேறுபாடு பெரிதும் கரைந்துவிட்டது. இலங்கைத் தமிழ்ப் பேச்சில் இன்னும் நிற்கிறது. தனக்கு வேண்டியதைத் ‘தாங்க’ என்று கேட்கிறவர், பக்கத்தில் நிற்பவருக்கு வேண்டியதைக் ‘குடுங்க’ என்று சொல்வதை மன்னார்க் கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கலாம். இதன்படி பார்த்தால் ‘கொடை’ என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் இடைவெளி இருக்கிறது. நான், நீ என்ற நெருக்கத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாமவருக்குப் போவதே கொடை.

திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. இரண்டும் கொடுத்தல்தான் என்றாலும் ஒன்றாகிவிடவில்லை. ஊரோடு ஒத்து வாழ்கிறவர் தம்மிடம் உள்ளதை ஊருக்குப் பயன்பட வைத்திருப்பது ஒப்புரவு. அங்கே கேட்பதும் கெஞ்சுவதும் நடப்பதில்லை. இல்லாதவருக்கு இருப்பவர் தருவது ஈகை. ‘தானம்’ வடமொழி வழி வந்தது. தகுதியுள்ளவரைத் தேடிக் கொடுத்து, கைம்மாறு பெறாதிருப்பது அதன் இலட்சணம். ‘தருமம்’ வீட்டு வாசலில் ஒலிக்கும் சொல். ‘நன்கொடை’ சட்டத்திலும் உண்டு: ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, நன்கொடைக்கென ஒரு தனிப்பகுதியே வைத்திருக்கிறது. ‘கட்டளை’ என்பது கோயிலில் ஒரு குறிப்பிட்ட பூசைக்கோ விழாவுக்கோ நிலையான வருவாய் ஒதுக்கிய ஏற்பாடு. இன்றைய ‘அறக்கட்டளை’ அந்தச் சொல்லிலிருந்து கிளைத்தது.

இத்தனை சொற்களும் உயிரோடு புழங்கும் நிலப்பரப்பாக மன்னாரைக் கொள்ளலாம். இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இராமேசுவரத்தை நோக்கி நீண்டுகிடக்கும் ஒடுங்கிய மணல்தீவு அது. ஒரு முனையில் மன்னார் நகரமும் கோட்டையும், மறுமுனையில் தலைமன்னாரும், இடையே எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை முதலிய ஊர்களும் உள்ளன. தாம்போதியைக் கடந்து பெருநிலத்துக்கு வந்தால் பழைய மாதோட்டத் துறையும் திருக்கேதீச்சரமும். தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, முசலி. உள்ளே கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் வயல்கள். கத்தோலிக்கர் மிகுதியாகவும் முஸ்லிம்களும் சைவரும் அவர்களோடு கலந்தும் வாழும் மாவட்டம். வடகீழ்ப் பருவத்து மழை போனால் ஆண்டின் பெரும்பகுதி வறட்சிதான். செல்வம் கடலிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்தது. தட்டுப்பாடு நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. கொடுக்கவும் கேட்கவும் இரண்டுமே காரணமாயின.

இக்கரையைப் பற்றிய மிகப் பழைய கொடைச் செய்தி மகாவம்சத்தில் இருக்கிறது. விசயனுக்கு மணமகளாக மதுரைப் பாண்டியன் தன் மகளை அனுப்பினான் என்றும், அவளோடு வந்த பெருங்கூட்டம் மகாதித்தத்தில், அதாவது மாதோட்டத்தில், கரையிறங்கியது என்றும் அந்நூல் சொல்கிறது. அதற்குப் பின் ஆண்டுதோறும் இரண்டு இலட்சம் பெறுமதியுள்ள முத்தை விசயன் மாமனுக்கு அனுப்பிவந்தானாம். விசயன் கதையின் வரலாற்றுத்தன்மை வேறு விடயம். அந்தக் கதையை எழுதியவர்களுக்கு இப்படியொரு வழக்கம் இயல்பாகத் தோன்றியது என்பதே இங்கு முக்கியம். பெண் ஒரு திசையில் வருகிறாள், முத்து மறுதிசையில் போகிறது, போவது ஒருமுறையோடு நிற்பதில்லை. இது ஈகையாகாது, தொல்காப்பியம் ஒத்தவருக்கு ஒதுக்கிய ‘தா’வின் உலகம்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ‘கொடை’ பற்றிய நீண்ட கட்டுரை இவ்வுலகத்தைத்தான் விளக்கியது. கொடுத்தாக வேண்டும், பெற்றாக வேண்டும், திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற மூன்று கடமைகள் பல பழைய சமூகங்களைக் கட்டிவைத்திருந்தன என்றார் அவர். அவருக்குக் கிடைத்த சிறந்த சான்றுகளுள் ஒன்று, மாலினோவ்ஸ்கி 1922இல் விவரித்த திரோபிரியாந்துத் தீவுகளின் குலா வழக்கம்: சிவந்த சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு ஒரு திசையிலும், வெண்சங்கு வளைகள் எதிர்த்திசையிலும் ஓயாமல் சுற்றிவரும். முத்தும் சங்கும் விளையும் மன்னார்க் கடலோரத்தில் நின்று இதைப் படிப்பவருக்கு வியப்பு எழாது. சீர்வரிசையும் மொய்யும் அதே வகைதான். மொய்க் குறிப்பேட்டில் தொகையை எழுதிவைப்பது கஞ்சத்தனத்தால் என்று நினைப்பவர்கள் உண்டு. உறவு அறுந்துவிடாமல் இருக்க அந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

மாதோட்டத்துச் சோழர்காலக் கல்வெட்டுகளில் நிலைமை மாறுகிறது. முதலாம் இராசராசனின் படை 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இலங்கையைக் கைப்பற்றியபின் இத்துறைக்கு இராசராசபுரம் என்று பெயர் மாறியது. சோழநாட்டிலிருந்து வந்த தாழிகுமரன் என்பவன் இங்கே இராசராச ஈசுவரம் என்ற கோயிலை எழுப்பினான். நாள்வழிபாட்டுக்கும் வைகாசி விசாகத் திருவிழாவுக்கும் நிலமும் வருவாயும் ஒதுக்கிக் கல்லில் வெட்டுவித்தான். அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது கவனத்தில் நிற்பது கோயிலின் பெருமையைவிட வருவாயின் மூலங்கள்தான். நிலத்தோடு ஊர் வணிகத்திலிருந்தும் தறிகளிலிருந்தும் வரும் சிறு தொகைகளும் அதில் அடங்கியிருந்தன. பின்னாளில் வணிகர்கள் மகமை என்று வழங்கியதன் சாயல் இது. பெயர் ஒருவனுடையது, நாள்தோறும் கொடுத்தவர்கள் நெசவாளரும் விற்பவரும் வாங்குபவரும்.

இன்னும் தெளிவான சான்று, இதே ஊரில் இருந்த திருவிராமேசுவரம் என்ற கோயிலின் கல்வெட்டு. அங்கே அந்தி விளக்கெரிக்க ஒருவர் காசு கொடுத்தார். காசு கோயில் பண்டாரத்தில் முடங்கவில்லை. எண்ணெய் வாணியரான சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் ஆகிய வணிகக் கூட்டத்தாரிடம் அது முதலாக வைக்கப்பட்டது. முதலை அவர்கள் தொழிலில் இட்டுப் புரட்டலாம். அதன் பலனாக விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். சோழமண்டலத்தில் நந்தா விளக்குக்கு ஆடு விடும் ஏற்பாட்டின் கடற்கரை வடிவம் இது. அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். மந்தை பெருகினாலும் குறைந்தாலும் இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சாவதும் மூப்பதும் இல்லாதவை என்று அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் அழைத்தன. தனி ஆடு சாகும், மந்தை சாகாது. முதலைத் தொடாமல் பலனை மட்டும் செலவிடுவது என்ற அறக்கட்டளைத் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மேய்ச்சல் நிலம் அரிதான துறைமுகத்தில் ஆட்டின் இடத்தைக் காசும், இடையரின் இடத்தை வாணியரும் எடுத்துக்கொண்டார்கள்.

இலங்கையின் 1917ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் அறநம்பிக்கைக்கு இலக்கணம் வகுக்கும்போது வறுமை நீக்கம், கல்வி, சமயம், பொதுநலம் என்ற நோக்கங்களைப் பார்க்கிறது. பள்ளிவாசல்களின் வக்பு உடைமைகளுக்கு 1956ஆம் ஆண்டு 51ஆம் இலக்கச் சட்டம் தனியே இருக்கிறது. வக்பு என்பதன் நேர்ப்பொருளே நிறுத்திவைத்தல்: உடைமையை விற்கவோ பங்கிடவோ விடாமல் நிறுத்தி, அதன் பலனை மட்டும் ஓடவிடுவது. மாதோட்டத்து வாணியருக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் புதிதாக இருந்திராது.

சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிய கொடைகள் அவ்வளவு காலம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துறை தன் முதன்மையை இழந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். நிலம் விட்டவரின் நிலமும் காசு வைத்தவரின் காசும் போன வழி தெரியவில்லை. ஆனால் கோயில் இருந்த இடத்தின் நினைவு நூல்களிலும் மக்கள் வாயிலும் இருந்தது. ஆறுமுக நாவலர் 1872இல் அதை மீட்க வேண்டும் என்று எழுதினார். 1890களில் சைவர்கள் அக்காணியை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். 1903இல் ஒரு சிறு கோயில் எழுந்தது. 1948இல் அமைந்த திருப்பணிச் சபையை சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று நடத்தினார். 1976இல் குடமுழுக்கு நடந்தது. போர் குறுக்கிட்டு ஆலயம் பல ஆண்டுகள் மக்கள் போக முடியாத இடமாகக் கிடந்தபின், இந்திய அரசின் உதவியோடு கருங்கற் பணிகள் நிறைவேறி 2022இல் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது. நாவலரின் எழுத்திலிருந்து அந்த நாள்வரை 150 ஆண்டுகள். தாழிகுமரன் தனியொருவனாகத் தொடங்கிய வகை வேலைக்குப் பின்னர் பல தலைமுறைகளின் சிறுசிறு கைகள் தேவைப்பட்டன.

முத்துக் குளிப்பு வேறொரு கேள்வியை எழுப்புகிறது: பங்கு எங்கே முடிகிறது, கொடை எங்கே தொடங்குகிறது? அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் பருவகாலத்தில் எழுந்த கொட்டில் நகரங்களில் தமிழ்நாட்டுப் பரவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அரபுக் குளியாட்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். பிரித்தானிய ஆட்சியின் பிற்காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மிச்சம் அரசுக்கு. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரை சேர்ந்தன. மூச்சடக்கி மூழ்கியவன் பெற்ற மூன்றிலொன்றை எவரும் கொடை என்று சொல்லவில்லை, அது கூலி. ஆனால் அதற்கு முன்பே பிரிந்துபோன பங்குகள் இருந்தன. குளியாள் கட்டிக்கொண்டு இறங்கும் கல்லே உரிமையின் அளவு. ஒல்லாந்தர் காலத்தில் மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் இருந்தன. தென்னிந்தியக் கோயில்கள் சிலவும் அத்தகைய சலுகையைப் பெற்றன. சுறா அணுகாமல் மந்திரத்தால் கடலைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிக்கும் சிப்பியில் ஒரு சிறு பங்கு போயிற்று. அரசாங்கம் அவரது மந்திரத்தை நம்பவில்லை. ஆனாலும் அவர் கரையில் நிற்காமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் அந்த ஏற்பாட்டை நீடிக்கவிட்டது. அவருக்குப் போன சிப்பியைக் கூலி என்பதா, காணிக்கை என்பதா என்று பிரிப்பது அரிது. தண்ணீருக்குள் இறங்குபவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கரைவலைப் பாட்டிலும் இந்த மங்கல் உண்டு. வலை கரையேறும் நேரத்தில் கயிற்றில் ஒரு கை கொடுத்தவர் ஒரு கறிக்கான மீனோடு வீடு போவார். அது அவருக்குரியது, கேட்க வேண்டியதில்லை. இழுக்கத் தெம்பில்லாத கிழவியும் கரையில் வந்து நிற்பாள். அவளுக்கும் ஒரு கறி மீன் விழும். அவளும் கேட்க மாட்டாள். வந்து நிற்பதே போதும். குறள் ஒப்புரவு என்று பிரித்து வைத்தது இதைத்தான் என்று கொள்வதில் தவறில்லை.

இக்கடலின் எதிர்க்கரையில், கீழக்கரையில், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் சேகு அப்துல் காதிர் என்ற வள்ளல் சீதக்காதி. கப்பல் வணிகர், கிழவன் சேதுபதியின் நண்பர், உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு தந்தவர். காவியம் முடியுமுன் அவர் இறந்துபோக, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். சீதக்காதி செத்தும் கொடுத்தார் என்பது தமிழ் பேசும் எல்லாருக்கும் தெரிந்த கதை: அவர் மறைந்தது தெரியாமல் வந்து கல்லறையருகே அழுத புலவருக்கு மோதிரமணிந்த கை வெளியே நீண்டதாம். இக்கதையிலும் முதலில் வருவது கேட்பவரின் குரல்தான். கதையாக இருந்தாலும் அறக்கட்டளை என்ற ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைப்பது கடினம். இறந்தபின்னும் கேட்பவருக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பதற்காகத்தான் அது எழுதிவைக்கப்படுகிறது.

மன்னாரின் மூன்று சமயங்களும் கொடுத்தலை மூன்று விதமாக ஒழுங்குபடுத்துகின்றன. முஸ்லிம்களிடம் ஸகாத் கட்டாயம், ஸதகா விருப்பம். 85 கிராம் தங்கத்துக்குச் சமமான செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையிலிருந்தால் அதில் நூற்றுக்கு இரண்டரை பங்கு ஸகாத்தாகப் பிரியும். அது ஏழையின் உரிமை என்பது மார்க்கத்தின் நிலைப்பாடு. கொடுப்பவர் தன்னுடையதைத் தரவில்லை, தன்னிடம் தங்கிவிட்ட பிறருடையதைத் திருப்புகிறார். பெறத் தகுந்தோரை எட்டு வகையாகக் குர்ஆன் வரையறுக்கிறது. கடனாளியும் வழிப்போக்கரும் அதில் அடங்குவர். ஊரில் செல்வராக இருந்தாலும் வழியில் கைப்பொருள் இழந்தவர் பெறலாம். துறைமுகக் கரைக்கு இந்த விதி எத்தனை பொருந்தும் என்று விளக்க வேண்டியதில்லை. பெருநாள் தொழுகைக்கு முன் கொடுக்க வேண்டிய பித்ராவும், நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சி வாங்க வந்த பாத்திரத்திலெல்லாம் ஊற்றும் கஞ்சியும் இந்த ஒழுங்கின் எளிய முகங்கள்.

கத்தோலிக்கரிடம் நேர்த்தி பெரிது. கேட்டு, பெற்று, பெற்றதற்காகக் கொடுப்பது அது. மாதோட்டப் பகுதியான மாந்தையில் இருந்த மாதாவின் சுரூபத்தை, ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில், 1670இல் இருபது குடும்பங்கள் காட்டுக்குள் எடுத்துச்சென்று காத்ததாக மரபு சொல்கிறது. அதுவே மருதமடுத் திருத்தலம். ஆடி, ஆவணி விழாக்களுக்கு நாடெங்குமிருந்து தமிழரும் சிங்களவரும் வந்து மரநிழலில் கூடாரமடித்துச் சமைத்துத் தங்குகிறார்கள். அந்த ஒடுக்குமுறைக் காலத்தின் மிகச் சிறந்த இரவலர் ஒருவர் உண்டு. கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகளார், யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரராக வீடு வீடாகச் சென்று, கழுத்திலிருந்த செபமாலையைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்து மறைந்திருந்த கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். பிச்சையிட்டவர்களுக்கு அவர் திருப்பித் தந்தது அவர்கள் அதுவரை இழந்திருந்த திருப்பலியை. 2015 சனவரி 14இல் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் அன்றே மடுவுக்கும் வந்தார்.

சைவரிடம் அன்னதானமும் அடியார்க்கு அமுதளிக்கும் மகேசுர பூசையும் மரபு. உண்பவரைச் சிவனாகக் கருதி உபசரிக்கும்போது கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிவிடுகிறார்கள். உண்ண இசைந்தவரே அருள் செய்தவராகிறார். வெசாக் நாளில் நாடெங்கும் நடக்கும் பௌத்தரின் தன்சலில், வழியில் போகிறவரை மறித்து அழைத்துச் சோறு போடுவார்கள். அங்கே இரப்பவரே கொடுப்பவர்தான்.

கேட்பதையே தேவையற்றதாக்கிய கொடைகளைத் தமிழர் கல்லில் செய்தார்கள். சுமைதாங்கி ஆளின் நெஞ்சளவு உயரம். தலைச்சுமையோடு தனியே நடப்பவர் இன்னொருவர் உதவியின்றி அதில் சுமையை இறக்கி, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். மடம், கேணி, மாடு உடம்பு உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக்கல் ஆகியவையும் இவ்வினத்தவை. வறண்ட மன்னாரில் இவற்றுள் தலையாயது தண்ணீர். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இக்கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியும் தாகமும் பசியும் அவர்களில் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே வீழ்த்தின. அவ்வழியில் அரசு அமைத்த தங்குமிடங்களும் கிணறுகளும் போதவில்லை. யாருடைய உழைப்பால் தோட்டங்கள் செழித்தனவோ அவர்களுக்கு வழிநெடுகத் தண்ணீர் கொடுக்கக்கூட ஏற்பாடில்லாமற் போனது, தருமம் பேசிய எல்லாருக்கும் உரிய பழி. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவையும் அதனோடு இணைந்த தொடருந்தும் வந்த பிறகு அந்த நடைப்பயணத்துக்குத் தேவை இருக்கவில்லை.

இக்கரையின் கொடை வரலாற்றில் மிகக் கனமான பகுதி 1990 ஒக்ரோபரில் தொடங்குகிறது. அம்மாத இறுதியில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக ஸகாத் கொடுத்து வந்தவர்கள் சில நாட்களில் கையில் எடுத்துப்போகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார்கள். தீவு மக்கள் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். பெருநிலத்தவர் தெற்கே நடந்தும் வாகனங்களிலும் புத்தளம் சேர்ந்தார்கள். புத்தளத்து மக்கள் வீடுகளைத் திறந்தார்கள், சோறு சமைத்தார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிரம்பின. தென்னந்தோட்டக்காரர்கள் கொட்டில் போடத் தங்கள் காணிகளில் இடம் விட்டார்கள். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்சாரிகள் ஏற்றுக்கொண்ட வரலாறு இரு தரப்பாரின் வாயிலும் இருந்தது. அந்த ஒப்புமை வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. வந்தவரை விருந்தாளியாகவும் உடன்பிறப்பாகவும் நடத்த அது ஒரு சட்டகம் தந்தது.

விருந்து ஒருநாளைக்கு, சில வாரங்களுக்கு, சில மாதங்களுக்குத் தாங்கும். இந்த விருந்து இருபது ஆண்டு நீண்டது. ஏற்கெனவே வறியதாக இருந்த மாவட்டத்தில் கிணற்று நீரையும் கூலிவேலையையும் பாடசாலை வகுப்பறையையும் இரண்டு சமூகங்கள் பகிர வேண்டிவந்தது. கூலி குறைந்தது. பல்கலைக்கழக இடங்களைப் பற்றிய மனத்தாங்கல் வந்தது. நிவாரண அட்டைக்கு அரசு கொடுத்த உலருணவு, இடம்பெயர்ந்தவருக்குக் கிடைத்தது. பக்கத்தில் அதே வறுமையில் இருந்த புத்தளத்தவருக்குக் கிடைக்கவில்லை. இடங்கொடுத்தவர்களின் தரப்பில் இது நியாயமான குறை. மறுதரப்பில், ‘அகதி’ என்ற சொல் மன்னாரில் பிறந்தவர்களோடு நிற்காமல் புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளையும் ஒட்டிக்கொண்டது. ஒருபோதும் எதையும் இழக்காத பிள்ளை, தான் கேட்காத ஒன்றைப் பெற்றவனாகப் பெயர் வாங்கினான். ஈ, தா, கொடு என்று மூன்று படிகளை வகுத்த இலக்கணம், கேட்பவரின் இடம் பிறப்பால் தொடரும் என்று சொல்லவில்லை. ஆனால் நீண்ட கால நிவாரணம் அதைச் செய்துவிடுகிறது.

உலக வங்கியின் நிதியில் 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் இந்தச் சிக்கலை ஓரளவு கண்டுகொண்டது. இடம்பெயர்ந்தோரோடு இடங்கொடுத்த சமூகத்தின் வறியவர்களையும் அது பயனாளிகளாகச் சேர்த்தது. கொடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது உதவி நிறுவனங்கள் தாமதமாகக் கற்ற பாடம். 2009இல் போர் முடிந்தபின் முசலிக்கும் எருக்கலம்பிட்டிக்கும் பலர் திரும்பினார்கள். காணிகள் சில காடாகியிருந்தன, எல்லைகளைப் பற்றிய பிணக்குகள் எழுந்தன, புத்தளத்திலேயே வேர்விட்ட இளையவர்கள் இரண்டு ஊர்க்காரரானார்கள்.

அதே காலத்தில் தமிழ்க் குடும்பங்களும் வேறு திசைகளில் ஓடிக்கொண்டிருந்தன. 1983க்குப் பின் மன்னார்க் கரையிலிருந்து இரவில் படகேறியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். உள்நாட்டில் நகர்ந்தவர்களுக்காக ஐ.நா. அகதிகள் ஆணையம் 1990இல் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண மையங்களை அமைத்தது. ஆடிவிழாவுக்குக் கூடாரமடித்த அதே மரங்களின் கீழ் ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். நேர்த்தி கொண்டுவந்த மக்களுக்குத் திருத்தலம் சோறும் இடமும் கொடுத்தது.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளும் மருந்தும் அரிசியும் தட்டுப்பட்டபோது, தமிழ்நாட்டு அரசு இலங்கைக்கு உதவ முன்வந்தது. முதலில் வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழருக்கு அனுப்புவது பற்றியே பேசப்பட்டது. அப்படிப் பிரித்து அனுப்ப வேண்டாம், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழர் தலைவர்கள் கேட்டுக்கொண்டதை முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்திலேயே எடுத்துச் சொன்னார். ஏப்ரல் 29ஆம் நாள் நிறைவேறிய தீர்மானம் அதன்படி அமைந்தது: 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, அத்தியாவசிய மருந்துகள். மே 18இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற் கப்பல் புறப்பட்டது. தமக்குத் ‘தா’ என்று கேட்கும் நிலையில் இருந்தவர்கள் மூன்றாமவருக்கும் ‘கொடு’ என்று சேர்த்துக் கேட்டார்கள். போரில் எதிர்த்தரப்பில் நின்றவர்களின் வீட்டு அடுப்புக்கும் அந்த அரிசி போய்ச் சேர்ந்தது.